அப்பாவின் ராலே சைக்கிள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில், சைக்கிளின் குறுக்குக் கம்பியில் துண்டைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்து போகாதவர்கள் யாராவது உண்டா? அப்பா மிதிக்க, நாம் முன்னால் உட்கார்ந்து மணியை அடித்துக் கொண்டே வர, பின்னால் கேரியரில் அரிசி மூட்டை கனக்கும். செம்மண் பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் தொடை கன்றிப் போகும். ஆனாலும் இறங்க மனம் வராது. பால்மர நிழல் முகத்தில் மாறி மாறி விழும் அந்தச் சவாரிக்கு இணையாக எந்தக் காரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு அந்தப் பாக்கியம் மேருவில் கிடைத்தது. கிள்ளானிலிருந்து மேரு சாலையைப் பிடித்து வடக்கே போனால் வருகிறதே, அதே மேருதான். கடைத்தெருவிலிருந்து எங்கள் லயம் ஏறத்தாழ மூன்று மைல். சம்பளத்திற்கு மறுநாள் அப்பாவோடு நானும் சாமான் வாங்கப் போவேன். போகும்போது அப்பா ஏதாவது கதை பேசிக் கொண்டே மிதிப்பார். திரும்பும்போது பேச மாட்டார். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் என் தலைக்கு மேலே கேட்டுக் கொண்டிருக்கும். அது ஏன் என்பது எனக்கு ஐம்பத்து நான்காவது வயதில்தான் தெரிய வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா 2009ஆம் ஆண்டு காலமானார். தோட்டம் அவருக்கு முன்பே போய்விட்டது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மிஞ்சியது சைக்கிள் ஒன்றுதான். அதுவும் எங்கள் தாமான் வீட்டின் பின்கட்டில், பழைய பெட்டிகளுக்கும் பூச்சட்டிகளுக்கும் நடுவே, டயர் வெடித்துச் சீட்டு கிழிந்து சாய்ந்து கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் லாரியில் வரும்போதெல்லாம் அதன் மேல் ஒரு கண் வைத்துவிட்டுப் போவார். அம்மா வாசலில் நின்று, "அது விக்கிறதுக்கு இல்லே" என்று சொல்லி அனுப்பி விடுவார்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வேலை இல்லை, பள்ளி இல்லை. பதினாறு வயது மகனுக்குக் கைப்பேசி கூடச் சலித்துப் போன ஒரு மத்தியானத்தில், "அப்பா, தாத்தா சைக்கிளை எடுத்துச் செய்வோமா?" என்றான். செய்வது எப்படி என்று எனக்கும் தெரியாது. ஆனால் பையன் தானாகக் கேட்ட ஒரு வேலைக்கு எந்தத் தகப்பனாவது வேண்டாம் என்பானா?

வயது சொன்ன சக்கரம்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி கிடக்கலாம். எழுத்தெல்லாம் அழிந்து போய், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் இருக்கலாம். பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கம்பெனிகள் பல, தங்கள் அடையாளத்தை அந்த இரும்பிலேயே வெட்டி வைத்தன. பி.எஸ்.ஏ. என்றால் அந்த எழுத்துகளே இருக்கும். விரித்த கை இருந்தால் அது ரட்ஜ். சின்னச் சின்ன மனிதர்கள் வட்டமாக ஓடினால் அது ஹம்பர். ஹம்பருக்கு முன் போர்க்கும் இரட்டைக் குழாயாக இருக்கும். எங்கள் வண்டியில், அரை மணி நேரம் தேய்த்த பிறகு, நீண்ட அலகுடைய மூன்று நாரைத் தலைகள் வெளியே வந்தன. தோட்டத்தில் எல்லாரும் "ராலி, ராலி" என்று சொன்ன ராலேதான்.

நாரை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பிராங்க் பௌடன் என்ற வெள்ளைக்காரர் ஹாங்காங்கில் நல்ல பணம் சம்பாதித்தார்; கூடவே உடம்பையும் கெடுத்துக் கொண்டார். மருத்துவர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். உடம்பு தேறியது. தம்மைத் தேற்றிய சைக்கிள் எங்கே செய்யப்படுகிறது என்று தேடிக் கொண்டு 1888இல் நாட்டிங்ஹாம் நகரின் ராலே தெருவுக்குப் போனார். அங்கே பன்னிரண்டு பேர் வாரத்திற்கு மூன்று சைக்கிள் செய்து கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டறையில் பணம் போட்டு, அதை உலகமே அறிந்த தொழிற்சாலையாக்கினார். தெருவின் பெயர் கம்பெனிக்கு வந்தது. பௌடன் குடும்பச் சின்னத்திலிருந்த நாரை சைக்கிளின் நெற்றிக்கு வந்தது. அந்த நாட்டிங்ஹாம் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டு விட்டது. பெயர் மட்டும் விற்பனையில் இருக்கிறது.

வயதைச் சொன்னது பின் சக்கரம். அதன் நடுக்குடத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும், ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும், பக்கத்தில் 56, 3 என்ற இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. உள்ளே மூன்று கியர் அடங்கிய குடம் அது. எண்கள் அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும்: 1956 மார்ச். பிரித்துப் பார்த்தபோது மகன் தன் அப்பனை விட வயதில் மூத்த சைக்கிள் என்று கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தான்.

இறங்கி நடந்த காலம்

மூன்று கியர் வைத்த ராலே, பால் வெட்டும் தொழிலாளியிடம் எப்படி வந்தது? அது கிராணியின் சைக்கிள். 1964இல் அந்தக் கிராணி மாற்றலாகிப் போகும்போது அப்பா அதை எழுபது வெள்ளிக்கு, நான்கு தவணையில், வாங்கினார். தாத்தாவுக்கு அது பிடிக்கவே இல்லையாம். "அதுல ஏறி உட்கார உனக்கு என்ன தைரியம்டா?" என்று கேட்டாராம்.

தாத்தா ஏன் அப்படிக் கேட்டார் என்பது, கிள்ளான் வட்டாரத்தின் பழைய சங்கதி தெரிந்தவர்களுக்கு விளங்கும். யுத்தத்திற்கு முன்பு, தோட்டத்துப் பாதையில் சைக்கிளில் வரும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளாக இருந்தாலும் சரி, வேலை நேரம் முடிந்து போனாலும் சரி, இறங்கித்தான் ஆக வேண்டும்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை என்று கோரிக்கைகள் வரிசையாகப் போகின்றன. அந்தப் பட்டியலிலேயே, துரைமார், கிராணிமார் முன்னிலையில் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதும் ஒரு கோரிக்கை. கூலிக்கும் கல்விக்கும் நடுவே சைக்கிளுக்கு என்ன இடம் என்று இன்று நமக்குத் தோன்றலாம். இறங்கி நின்றவர்களுக்குத் தோன்றவில்லை. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிர்கள் பறிபோயின.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். எதில் வந்தார்கள்? சைக்கிளில்! கோத்தா பாருவில் 1941 டிசம்பர் 8இல் கரையிறங்கிய படையும், சயாம் பக்கமிருந்து இறங்கிய படையும், ஊரார் சைக்கிள்களையும் பறித்துக் கொண்டு தெற்கே உருட்டி வந்தன. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். நம் வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கிப் படை வருகிறதென்று எதிரி பயந்ததாக ஜப்பானிய அதிகாரி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். துரைக்கு முன்னால் தொழிலாளி இறங்கி நின்ற அதே பாதைகளில், ஒரே ஆண்டுக்குள் துரைமார் ஓடினார்கள். ஆனால் அதன் பின் வந்த மூன்றரை ஆண்டு நமக்கு என்னவாக இருந்தது என்பதைச் சயாம் மரண ரயிலுக்குப் போன குடும்பங்களிடம்தான் கேட்க வேண்டும்.

சைக்கிள் கதை நம் கதையோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது பாருங்கள். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் செய்து கொடுத்தார். அந்தச் சின்ன வண்டியில் தொடங்கிய ரப்பர் பசிதான், பிறகு காருக்கும் பரவி, நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றி இங்கே கொண்டு வந்து சேர்த்தது. அவர்கள் வெட்டிய பால் கப்பலேறிப் போய், டயராகி, ஒரு சைக்கிளில் மாட்டப்பட்டுத் திரும்பி வந்து அவர்களையே இறங்கி நிற்கச் சொல்லியிருக்கிறது. சரி, பட்டறை வேலைக்கு வருவோம்.

கழற்றும் வேலை

பழைய சைக்கிளில் கை வைப்பவர் செய்யும் முதல் தவறு, அவசரம். அறுபது வருடத் துரு ஒரு நாளில் விடாது. ஒவ்வொரு நட்டின் அடியிலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். காலையிலும் மாலையிலும் இன்னும் கொஞ்சம் விடுங்கள். எங்களுக்கோ நாள் நிறைய இருந்தது, ஊரடங்குதானே!

இரண்டாவது, திருகும் திசை. இடது பெடல் எதிர்ப்பக்கமாகத்தான் கழலும். அதேபோல், பெடல் அச்சு ஓடும் குழாயின் வலது பக்கக் கப்பும் எதிர் மரைதான். இது தெரியாமல் பலத்தைக் காட்டி மரையை மழுங்கடித்தவர்கள் ஏராளம். வலது கப்பைத் தேவையில்லாமல் கழற்றவே வேண்டாம். இடது பக்கத்துக் கப்பைக் கழற்றி, அச்சை உருவி, உள்ளே துடைத்தாலே போதும். குண்டுகள் பக்கத்திற்குப் பதினொன்று, கால் அங்குல அளவு. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கொண்டு கழற்றுங்கள். நாங்கள் விரிக்கவில்லை. இருபத்திரண்டில் பத்தொன்பதுதான் கிடைத்தது. ஆனால் பழைய குண்டுகளை மீண்டும் போடவே கூடாது, எல்லாம் புதிதாக வாங்க வேண்டும் என்பது பிறகு தெரிந்ததால், மூன்று குண்டுக்காகப் பூனையைச் சந்தேகப்பட்டது வீண்.

எல்லாவற்றிலும் கஷ்டம் காட்டர் பின். பெடல் கட்டையை அச்சோடு பூட்டி வைத்திருக்கும் அந்தச் சிறிய ஆணியை, நேராகச் சுத்தியலால் அடித்தால் மரைப்பக்கம் நசுங்கி, பிறகு ஆண்டவனே வந்தாலும் வெளியே வராது. அடிக்கும்போது அடியும் குண்டுகளிலும் கப்பிலும்தான் இறங்கும். கட்டைக்கு அடியில் ஆணி நுழையும் அளவுக்கு ஓட்டையுள்ள ஓர் இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றித் தாங்கல் கொடுங்கள். நட்டைப் பின்னின் நுனி அளவுக்குத் தளர்த்தி விட்டு, கனமான சுத்தியலால் ஒரே அடி. பத்துச் சின்ன அடிகளை விட ஒரு பெரிய அடி நல்லது. அதை விட நல்லது, பிடிப்பானில் வைத்து அழுத்தி எடுப்பது. எங்களுக்கு இடது பக்கம் ஒரே அடியில் வந்தது. வலது பக்கம் நான்கு நாள் ஆயிற்று.

திரும்பப் பூட்டும்போது இரண்டு பின்னும் ஒரே முறையில், சுற்றுக்கு ஒரே பக்கமாக நுழைய வேண்டும். ஒன்று மாறினாலும் இரண்டு பெடலும் நேர் எதிராக நிற்காது. ஒரு கால் நொண்டியது போல் மிதிபடும். புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். இங்கிலாந்து வண்டிகளுக்குள்ளேயே அளவு மாறும். அதிலும் ராலே தனிப்பிறவி. மற்றவர்கள் அங்குலத்திற்கு இருபத்து நான்கு மரை வெட்டிய இடத்தில், நாட்டிங்ஹாமில் இருபத்தாறு வெட்டினார்கள். வெளியார் சாமான் தங்கள் வண்டியில் ஏறக் கூடாது என்ற எண்ணமோ என்னவோ!

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு கிள்ளானில் ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனோம். சீனத் தவுக்கே, எழுபது வயதிருக்கும். சக்கரத்தைக் கையில் வாங்கியவர் கம்பிகளை எண்ணக்கூட இல்லை. "முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு நாப்பது. இங்கிலீஷ் சைக்கிள்" என்றார். பாரத்தைத் தாங்குவது பின் சக்கரம் என்பதால் அதற்குக் கம்பி கூடுதல். பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் அல்லாமல் உட்புறத்தில், குடத்தைப் பார்த்த பக்கத்தில், கம்பித் தண்டுகளால் இழுபட்டு அழுத்தும். அதனால் சக்கரம் பக்கவாட்டில் ஆடுவதைப் பார்த்தால் மட்டும் போதாது. மேலும் கீழும் ஆடாமலும் இழுத்துக் கட்ட வேண்டும். இந்த வேலையைத் தவுக்கேயிடமே விட்டு விட்டோம். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்ற வீம்பு எனக்கில்லை. இருபத்தெட்டு ஒன்றரை அளவு டயர் இன்றும் கிடைக்கிறது; இந்தியாவில் அதே அளவுச் சைக்கிள் இன்றும் ஓடுவதே அதற்குக் காரணம்.

மூன்றாவது கியர்

பின் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் அது தெரிந்தது. அச்சின் ஓட்டைக்குள்ளிருந்து கடிகாரச் சங்கிலி போல் ஒரு சிறு சங்கிலி வெளியே வர வேண்டும். அதைக் கியர் கம்பி இழுக்கும். எங்கள் வண்டியில் சங்கிலியும் இல்லை, கம்பியும் இல்லை. ஹேண்டலில் கியர் மாற்றும் நெம்புகோல் மட்டும் துருப்பிடித்து நின்றது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது அப்படித்தான் நின்றது. நான் அதை ஒரு விளையாட்டுச் சாமானாகவே நினைத்திருந்தேன்.

மகன் படித்துப் பார்த்து விட்டு, "அப்பா, கம்பி இல்லைன்னா இந்தக் குடம் எந்தக் கியர்ல நிக்கும் தெரியுமா?" என்று கேட்டான்.

மூன்றாவதில் நிற்கும். கம்பியின் இழுப்பு இல்லாவிட்டால், இந்தக் குடம் தானாக மூன்றாவது கியருக்குப் போய்விடும். அதாவது சமதரையில், பாரமில்லாமல், காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது வேகமாகப் போவதற்கான கியர்.

பல்லை எண்ணினோம். முன்னால் நாற்பத்தாறு, பின்னால் பதினெட்டு. கணக்குப் போட்டால், ஒரு முறை பெடலைச் சுற்றினால் நடுக் கியரில் ஐந்தே முக்கால் மீட்டர் போகும். மேட்டுக்கும் பாரத்துக்கும் உரிய முதல் கியரில் நாலேகால் மீட்டர். மூன்றாவதில் ஏழரை மீட்டருக்கு மேல். ஒவ்வொரு மிதிக்கும் அவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்றால், அவ்வளவு பலம் காலில் வேண்டும். அரிசி மூட்டை, முன்னால் நான், செம்மண் மேடு, மூன்றாவது கியர். இருபது ஆண்டுகளுக்கு மேல்.

அன்று மாலை அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "அப்பா இந்தக் கியரைச் சரி பண்ணவே இல்லையாம்மா?"

"என்ன கியரு?" என்றார் அம்மா. "கிராணிகிட்ட வாங்கி ரெண்டு மூணு வருசத்துலேயே அந்தக் கம்பி அறுந்துடுச்சு. அது போனா என்ன, சைக்கிள் ஓடுதேன்னு சொன்னாரு. இங்கிலீஷ்காரன் சைக்கிளு அப்படித்தான் கனமா இருக்கும்னு சொல்லுவாரு."

சங்கிலியும் கம்பியும் சேர்த்து இருபது வெள்ளி கூட ஆகவில்லை.

பொருத்தும் விதத்தைச் சொல்லி விடுகிறேன். சங்கிலியை உள்ளே கடைசி வரை திருகி, அரைச் சுற்றுக்கு மேற்படாமல் பின்னுக்குத் திருப்பி விடுங்கள். நெம்புகோலை நடுக் கியரில் வையுங்கள். வலது பக்க நட்டில் உள்ள சிறு சாளரத்தின் வழியாகப் பார்த்தால், சங்கிலியின் தண்டு அச்சின் நுனியோடு சரியாகச் சமமாக நிற்க வேண்டும். சமமாக நிற்காவிட்டால், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எந்தக் கியரும் பிடிக்காத ஒரு வெற்றிடம் இருக்கிறது; எழுந்து நின்று மிதிக்கும்போது அதில் விழுந்தால் கால் வழுக்கி ஆளையே கீழே தள்ளி விடும். குடத்திற்கு உள்ள சிறு மூடியைத் திறந்து மாதம் சில சொட்டு இலேசான எண்ணெய் விட்டால் போதும். எங்கள் குடம் நாற்பது ஆண்டுகளாக எண்ணெய் கண்டதில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய் விட்டதும், மூன்று கியரும் ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்தன. இந்த ஒரு விஷயத்திற்காக நாட்டிங்ஹாம்காரனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சாயம் அடிக்கலாமா, வேண்டாமா?

பழைய சைக்கிள் பிரியர்களுக்குள் தீராத வழக்கு இது. மலாய் நண்பர்கள் நடத்தும் பழைய சைக்கிள் குழுக்கள் நம் நாட்டில் ஏராளம். மெர்டேக்கா நாளில் பழைய உடை அணிந்து ஊர்வலம் போவார்கள். அவர்களில் ஒரு சாரார், கடையிலிருந்து இன்றுதான் வந்தது போல் வண்டி மின்ன வேண்டும் என்பார்கள். இன்னொரு சாரார், அசல் சாயத்தைச் சுரண்டுபவனைச் சிறையில் போட வேண்டும் என்பார்கள். மகன் முதல் கட்சி. நானும்தான், ஆரம்பத்தில்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை வாங்கி, நனைத்து நனைத்துத் தேயுங்கள். முகமூடி அணியுங்கள், அது அந்நாளில் எல்லார் வீட்டிலும் இருந்தது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தேய்த்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

மட்காட்டும் செயின் கவரும் துருவேறி ஓட்டையாகும் நிலையில் இருந்ததால், அவற்றுக்குச் சாயம் அடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மேலோட்டமாகத் தேய்த்து விட்டு, டின்னில் வரும் கறுப்புச் சாயத்தைப் பீய்ச்சி அடித்தேன். பளபளவென்று இருந்தது. ஐந்து நிமிடம்தான்! ஆறிய பாலில் ஆடை சுருங்குவது போல் மொத்தச் சாயமும் சுருங்கிச் சுருண்டு எழும்பியது. காரணம் பிறகு விளங்கியது. அடியில் இருந்தது பழைய எனாமல். நான் அடித்தது, கடுமையான தின்னர் கலந்த வேறு ஜாதிச் சாயம். அந்தத் தின்னர் அடிச்சாயத்திற்குள் புகுந்து அதை ஊத வைத்து விட்டது. பழைய சாயத்தின் மேல் புதியதை அடிக்க நினைப்பவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் சிறிது அடித்து ஒரு நாள் பார்த்து விட்டுத் தொடங்குங்கள். நான் எல்லாவற்றையும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, துருவை எடுத்து, பிரைமர் அடித்து, அதைக் காய விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை ஈரக் காற்று. மழை இருட்டும் மத்தியானத்தில் அடித்தால் சாயத்தின் மேல் வெண்படலம் பூத்து விடும். கிள்ளான் பக்கத்தில் பெரும்பாலும் மத்தியானத்திற்கு மேல்தான் மழை. காலை பத்து மணிக்கு அடித்து, மதியத்திற்குள் எடுத்து உள்ளே தொங்க விடுவது உத்தமம். கனமாக ஒரே பூச்சு வேண்டாம். மெல்லிதாக நான்கைந்து பூச்சு அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் நனைத்த தாளால் மெதுவாகத் தேயுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பின், கை வைத்துப் பார்க்கும் ஆசையை இரண்டு வாரம் அடக்குங்கள். பின் மட்காட்டின் வாலில் கையகலத்திற்கு வெள்ளை அடிக்க மறக்காதீர்கள். இருட்டில் பின்னால் வரும் வண்டிக்குத் தெரிவதற்காக இங்கிலாந்துச் சட்டம் கேட்ட அடையாளம் அது; தோட்டத்து இருட்டிலும் அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

பொன் கோடு இழுக்க, விளம்பரப் பலகை எழுதி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கிடைத்தார். நீண்ட மயிர் உள்ள தூரிகையைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக் கொண்டு, மட்காட்டின் தலையிலிருந்து வால் வரை ஒரே இழுப்பு. அளவுகோல் கிடையாது. கை நடுங்கும் வயதில் கோடு நடுங்கவில்லை!

பிறகு சட்டத்திற்கு வந்தோம். மகன் தாளையும் தண்ணீரையும் எடுத்துக் கொண்டு குறுக்குக் கம்பியில் கை வைத்ததுதான் தாமதம், அம்மா பின்கட்டுக்கு வந்து விட்டார்.

"அந்தக் கம்பியிலே கை வைக்காதே, ஐயா."

"ஏன் பாட்டி?"

"உங்க அப்பன் உட்கார்ந்த இடம் அது."

குனிந்து பார்த்தேன். கம்பியின் நடுவில், ஒரு முழ நீளத்திற்குக் கறுப்பு அறவே இல்லை. துண்டும் கால்சட்டையும் உரசி உரசி இரும்பு வழவழவென்று பழுப்பேறிக் கிடந்தது. எனக்குப் பின் என் இரண்டு தங்கைகளும் உட்கார்ந்த இடம். மகன் என் முகத்தைப் பார்த்தான். தாளைக் கீழே வைத்து விட்டான்.

ஆக, எங்கள் சட்டத்திற்குச் சாயம் அடிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்தோம். துரு பிடித்த இடங்களை மட்டும் எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு தேய்த்து, மேலே மெழுகு பூசினோம். ஹேண்டலின் வெள்ளிப் பூச்சிலிருந்த துருவுக்கு அம்மாவிடமிருந்தே ஒரு யோசனை வந்தது, புளி. அதை விடச் சுலபமாக வேலை செய்தது சமையலறை அலுமினியத் தாள்; கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு கரைந்து வெள்ளி மேலே வருகிறது. சீட்டுக்கு அடியிலிருந்து சிறிய தகடு ஒன்று கிடைத்தது. சைக்கிளுக்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த நாளில் வாங்கிய தகடு அது. எண் பாதி அழிந்திருந்தது. அதையும் இருந்த இடத்திலேயே மாட்டி விட்டோம். புது மட்காட்டும் பழைய சட்டமுமாக வண்டி இரண்டு நிறத்தில் நிற்கிறது. பழைய சைக்கிள் குழுவினர் பார்த்தால் இரு கட்சியாருமே திட்டுவார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை, மகன் முதலில் ஓட்டிப் பார்த்தான். பிறகு நான் ஏறினேன். தாமானைத் தாண்டிச் சாலையில் ஒரு சிறு மேடு உண்டு. அடியில் முதல் கியருக்கு மாற்றினேன். குடத்திற்குள் கேட்டுக் கொண்டிருந்த 'டிக் டிக்' என்ற மெல்லிய சத்தம் நின்றது. வண்டி ஏறிக் கொண்டது. மேட்டின் உச்சியில் என்னால் தாராளமாகப் பேச முடிந்தது. பக்கத்தில்தான் யாரும் இல்லை.

மூன்று மைல் போனதும் காட்டர் பின்னின் நட்டை மறுபடி முடுக்க வேண்டும் என்று சொல்ல மறந்து விட்டேன். புதுப் பின் முதல் ஓட்டத்தில் அழுந்தி உட்காரும். முடுக்காமல் விட்டால் பெடல் 'கடக் கடக்' என்று ஆடத் தொடங்கும். எனக்கு ஆடியது. இறங்கித் தள்ளிக் கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். மட்காட்டின் பொன் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பின்னாலே கேரியரைக் காணோமே? அது இல்லாம என்ன சைக்கிளு?"

துருவேறிக் கோணிப் போயிருக்கிறதே, அழகைக் கெடுக்குமே என்று அதை ஒளித்து வைத்தது நான்தான். இப்போது அது மண்ணெண்ணெயில் ஊறிக் கொண்டிருக்கிறது.